புற்றில் எடுத்த பூஞ்சை

ஐப்பசி, 1938

அப்பாவுக்கு பாகீரதி நமஸ்காரம். அம்மாவின் மூச்சிரைப்பு தணிந்ததா? நான் சௌக்கியம்.

போன வாரம் மூன்றாம் வகுப்புக்குப் பூஞ்சை பற்றிச் சொன்னேன். கறையான் புற்றுக்குள்ளே பூஞ்சையைப் பயிர் செய்து தின்னும் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மறுநாள் சின்னத்தாய் என்கிற குழந்தை, தேன்கூடு மாதிரி ஒரு கட்டியைக் கொண்டுவந்தாள். அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பூதக்கண்ணாடி வைத்து எல்லாருக்கும் காட்டினேன். பிறகுதான் எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். ஊரார் பால் ஊற்றிக் கும்பிடுகிற நாகம்மா புற்றில் கையை விட்டிருக்கிறாள்.

இப்போது அவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். மலேரியாதான். கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர் கொசுவழியாக இரத்தத்தில் ஏறுகிறது என்று பாடம் நடத்தியதும் நான்தான்.

நேற்று பார்க்கப் போனேன்.

"எதையோ தொட்டிருக்கா டீச்சரம்மா. எம்புட்டுக் கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டேங்கிறா. வெள்ளிக்கிழமை கோடாங்கிகிட்ட குறி கேக்கப் போறோம்" என்றாள் அவள் தாய்.

குழந்தை போர்வைக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை இங்கே கிடைக்கவில்லை, உடனே அனுப்புங்கள். என் அறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் ஒன்றும் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புற்றுப் பக்கம் போகாமல் சுற்றித்தான் போகிறேன்.

கல்லுப்பட்டித் தபாலில் சேர்க்க வண்டிக்காரர் காத்திருக்கிறார். புற்றுக்குப் பால் விடும்போது என்ன சொல்லிக் கும்பிட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

பாகீரதி