தயா அண்ணா விரல் வைத்த மூலை

1996 நவம்பர் 12, செவ்வாய்

மாலையில் சமையலறை மேசையில், ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் பழைய பதிவுகளைப் பார்த்து, இன்று இல்லாத ஒரு கோட்டையைப் படிப்புக்காக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு மண்மேடும் தூர்ந்த அகழியும்தான் மிச்சம். பெரியம்மாவின் மகன், ஊர்ச் சண்டையிலிருந்து தப்பி வந்து நான்கு மாதமாக எங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கும் தயா அண்ணா, எட்டிப் பார்த்தார்.

"உது எந்த ஆமிக் காம்ப், பிள்ளை?"

"காம்ப் இல்லை அண்ணா. எண்ணூறு வருசத்துக்கு முந்தின கோட்டை."

"எப்ப கட்டினாலும் கட்டினவன் மொக்கன்." சிரித்துக்கொண்டே வடமேற்கு மூலையில் விரல் வைத்தார். "மேட்டில நிக்கிறவனுக்கு இந்தப் பள்ளம் தெரியாது. இதால ஊர்ந்து போக பத்துப் பேர் காணும்."

அவர் கீழே போனபின் பதிவின் அடுத்த பக்கத்தை வாசித்தேன். கோட்டை விழுந்தது அந்த மூலை வழியாகத்தான். எதிரிகள் இருட்டில் ஊர்ந்து வந்திருக்கிறார்கள். அண்ணாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

வியாழக்கிழமை அவருடைய அகதி விசாரணை. புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர், இயக்கம் சண்டை ஒன்றும் அறியாதவர் என்று அவருடைய வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டவள் நான். நீங்களா மொழிபெயர்த்தீர்கள் என்று கேட்பார்கள். ஓம் என்பேன். அவர் சொன்னதைத்தான் எழுதினேன். அதுவரைக்கும் பொய்யில்லை.