அண்ணன் சைக்கிள் இப்போதைக்கு வராது

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று சொல்லத்தான் என் வாய் பழகியிருக்கிறது, ஆனால் இந்த முறை அது பாதிதான் உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் போதாதா, இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீயோ உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் உடனே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ தூக்கிப் போட்டாலும் அது அங்கேயே கிடக்கும், மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் உன் குணம் எனக்குத் தெரியும், இதை மட்டும் வரிசையாகப் படி.

அண்ணனுடைய சைக்கிளைச் சரி பண்ணி, எடையும் குறைத்து அனுப்பி வையுங்கள், நான் இங்கே மலைப் பந்தயத்தில் ஓட்டப் போகிறேன் என்று நீ கேட்ட அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் போனபிறகு அவர் அவன் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை, நான்தான் போய்ப் பெருக்கி, சுவரோரம் நிறுத்தியிருந்த சைக்கிள்மேல் போட்ட போர்வையை உதறிப் போட்டுவிட்டு வருவேன். நீ போனை வைத்த கையோடு அவரே போய் அதை வெளியே எடுத்தார். பந்தயத்தன்று கட்டிய எண் அட்டை அதில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மேட்டில் பாதி வழியில் அவன் சரிந்து விழுந்து, நாம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துபோன அன்றைக்கு, சைக்கிளுக்குப் பிரேக் பிடியில் ஒரு கீறல் விழுந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். அட்டையை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, "இதை எங்கயாச்சும் வை, என் கண்ணுல படாம வை" என்றார். அதோடு சரி, மறுநாளிலிருந்து பின்பக்க பால்கனி பட்டறையாகிவிட்டது. துணி காயப்போட இடமில்லை. ஆயுள் முழுக்க லேத்தில் நின்ற மனிதர், ஓய்வு பெற்றபின் டிவி ரிமோட்டைத் தவிர ஒன்றையும் தொடாதவர், காலையில் ஏழு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு பால்கனிக்கு வேலைக்குப் போவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

செயினைக் கண்ணிகண்ணியாகக் கழுவினார், பேரிங் எல்லாம் மாற்றினார், சட்டத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்துப் பழைய அழுக்கெல்லாம் போய் அது மழை மேகம் மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்தது. எதற்கும் "ஆகட்டும்" என்று பதில் சொல்வதால் நாம் ஆகட்டும் என்றே பேர் வைத்தோமே, கீழ்த்தளத்துச் சைக்கிள் கடைக்காரர், அவர் மேலே வந்து பார்த்துவிட்டு, "டைட்டானியங்க, துருவே பிடிக்காது, நம்ம எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் இது போகும்" என்றார். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார் பாவம். பிறகு எடை குறைக்கும் வேலை தொடங்கியது. என் சமையலறைத் தராசு பால்கனிக்குப் போனது, நான் மாவைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரும்பு போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி நிறுத்து, அதற்குப் பதில் டைட்டானியம் போல்ட்டை நிறுத்து, பெடலின் அச்சைப் பழைய நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து, ஒயரின் நுனியில் நகமளவு நீளம் கூடுதலாக இருந்தால் அதையும் நறுக்கி, நகைக்கடைக்காரர்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார். இப்படி இளைத்தால் பந்தயத்தன்று காற்றடித்தால் சைக்கிள் உன்னை விட்டுவிட்டுப் பறந்துவிடும் என்று கேலி செய்தேன், அவர் காதில் வாங்கவில்லை.

எல்லாம் கழன்றது, சீட்டைத் தாங்கும் கம்பி மட்டும் கழலவில்லை. அது அலுமினியம், சட்டம் டைட்டானியம், இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் தடவாமல் விட்டால் வியர்வையும் மழையும் இறங்கி ஒன்றோடொன்று இறுகிப் போய்விடுமாம். அண்ணன் ஏன் தடவவில்லை என்று உனக்குத் தெரியும், நீயும்தான் கூட நின்று சிரித்தாய். கிரீஸும் எடைதானே என்றான். அவன் ஒட்டகம் போல வளர்ந்தவன் என்பதால் அந்தச் சீட்டு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று நினைத்துப் பார், நான் பெருக்கப் போகும்போது சும்மா ஒரு கை அதன்மேல் வைப்பேன், அவன் இடுப்பு வரும் உயரம் அது. கம்பியை எடுத்தால்தான் உன் உயரத்துக்கு வேறு போட முடியும். அப்பா சட்டத்தை வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, கம்பியில் நீளமான குழாயைச் செருகித் திருகினார், ஆகட்டும் வந்து ஒரு பக்கம் பிடித்தார், இம்மி அசையவில்லை. மறுநாள் ஆள் யாரும் இல்லாதபோது தனியாகவே திருகியிருக்கிறார். நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், பால்கனியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், முகம் வெளுத்து உதடெல்லாம் நீலம்.  "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கல, அதான்" என்றார். இந்த வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்.

அப்பாவுக்கு லேசான களைப்பு, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்று உனக்குப் போனில் சொன்னோமே, அது பொய். அவளுக்குத் தெரியக் கூடாது, வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று அவர் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார், அந்தச் சத்தியத்தை இந்தக் காகிதத்தில் உடைக்கிறேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார் அந்த டாக்டர் அம்மா. அப்பாவுக்குக் கொஞ்சம்தான், மாத்திரையும் கவனமும் இருந்தால் போதும், பாரம் தூக்கக் கூடாது, முக்கித் திருகக் கூடாது. அதற்குப் பிறகு அந்த டாக்டர் அம்மா கேட்ட கேள்விதான், வீட்டில் யாராவது சின்ன வயசிலேயே திடீரென்று போயிருக்கிறார்களா என்று. நான் சொன்னேன். அன்றைக்கு அண்ணனை அறுத்துப் பார்த்து எழுதிய அறிக்கையை எடுத்து வரச் சொன்னார், நாம் யாரும் இதயம் நின்றது என்ற வரியைத் தாண்டி அதைப் படித்ததில்லை. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவனுக்கும் அதேதான், அவனுக்கு மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. இது ரத்தத்தில் வருவது, அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது, பெற்றவருக்கு லேசாக இருந்தாலும் பிள்ளைக்கு அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண் இருக்கிறாள், தூரத்தில் இருக்கிறாள் என்றேன். 

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். படியேறி மூச்சு வாங்கி நின்றபோது, "அவனுக்கு நான் சைக்கிள்தான் வாங்கிக் குடுத்தேன்னு நெனச்சிட்டிருந்தேன், கூடவே இதையும் குடுத்திருக்கேன்" என்றார். நீங்கள் என்ன தெரிந்தா கொடுத்தீர்கள் என்றேன், அதெல்லாம் அவர் மனசில் இறங்குகிற பேச்சா. அதன்பிறகு இந்த வீட்டில் சாப்பாடு சாப்பாடாக இல்லை, தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். ஆனால் சைக்கிளை விடவில்லை. நான் குளிக்கப் போனால் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பியின் உள்ளே விட்டு அறுக்கிறார், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. இரண்டு தடவை பிடித்தேன். மூன்றாவது தடவை இப்படியே இவரையும் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான் என்று பயந்து, அந்த வேலையை நானே முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இத்தனை வருஷம் குப்பி கழுவியவளுக்குக் காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், டைட்டானியத்தைத் தொடாது என்பது தெரியாதா. ஆகட்டும் வந்து சட்டத்தைத் தலைகீழாகக் கட்டிக் கொடுத்தார், கம்பியின் வாயை ரப்பர் கார்க்கால் அடைத்தேன், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் காற்றோட்டத்தில் கரைசலை ஊற்றினேன். புஸ் என்று நுரைத்துக் கொதித்தது. கறுப்பாகக் கலங்கியதை வடித்துவிட்டு மறுபடி ஊற்றினேன், சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. கடைசியில் முட்டையோடு மாதிரி ஒரு தகடுதான் மிச்சம், குறடால் இழுத்ததும் நொறுங்கி வந்துவிட்டது. வினிகர் ஊற்றிக் கழுவினேன். அவன் உயரத்துக்கு என்று இந்த வீட்டில் இருந்த கடைசிப் பொருளை என் கையாலேயே கரைத்துச் சாக்கடையில் ஊற்றினேன், சின்னக்குட்டி. ஆகட்டும் தலையைக் குனிந்துகொண்டு கீழே போய்விட்டார், அன்றைக்கு அவர் ஆகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

கம்பி போனதும் அப்பா அடங்குவார் என்று பார்த்தேன். இல்லை, மறுநாளே தராசின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்னும் எதைக் குறைக்கப் போகிறீர்கள், மிச்சம் என்ன இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அப்போதுதான் சொன்னார். "மேட்டுல ஏறும்போது வண்டி பாரம் கொறைஞ்சா அவ நெஞ்சுக்கு அவ்வளவு கஷ்டம் கொறையும்ல. அவனுக்கு நான் இதை முன்னாடியே செஞ்சு குடுத்திருக்கணும்" என்றார்.  எடை குறைப்பது உன் பந்தயத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இந்த மனிதர் உன் உயிரைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறார். மருந்து வாங்கப் போனபோது டாக்டர் அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், சைக்கிள் லேசாக இருந்தால் இதயத்துக்குப் பாரம் குறையுமா என்று. அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் லேசானால் உங்கள் மகள் இன்னும் வேகமாகத்தான் ஓட்டுவாள், நெஞ்சு படுகிற பாடு ஒன்றுதான் என்றார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. அவர் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

இப்போது உன் விஷயம். போன மாதம் ஏதோ மேடு ஏறி இறங்கியபின் கண் இருட்டிக்கொண்டு வந்தது, தெரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன் என்று நீயே சிரித்துக்கொண்டே சொன்னாய். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, தண்ணி குடிக்கல, அதான் என்றாய். அப்பா சொன்னதும் அதே வார்த்தைதான். அண்ணனும் ஒருநாள் படியில் தடுமாறிச் சுவரைப் பிடித்தபோது அதையேதான் சொன்னான், நான் அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். போன வாரம் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிட்டு வா என்று நான் நைசாகச் சொன்னதற்கு, எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன் என்றாய். அவனும் அப்படித்தானடி இருந்தான். அவனை மாதிரி திடமானவனை நான் பார்த்ததே இல்லை. அப்படியே நோய் இருக்கிறது என்று தெரிந்தால் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பார்கள், அதற்குத்தான் நீ பயப்படுகிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. உன்னைப் பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா. ஓட்டாமல் இருப்பது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அப்பாவுக்கும் இது இனிமேல்தான் தெரியும். புதுக் கம்பி வெட்ட உன் கால் அளவு வேண்டும் என்று அவர் தினமும் கேட்கிறார், நீயும் அனுப்பிவிட்டாய், அதை நான் அவரிடம் கொடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்து, இதய டாக்டர் கையெழுத்துப் போட்ட அறிக்கை என் கைக்கு வரும் வரைக்கும் அந்தச் சைக்கிள் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. அதுவரைக்கும் வேறு எந்தச் சைக்கிளிலும் நீ மேடு ஏறக் கூடாது. அறிக்கை நன்றாக வந்தால் நானே பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். வேறு மாதிரி வந்தால் அனுப்ப மாட்டேன், நீ தலைகீழாக நின்றாலும் அனுப்ப மாட்டேன். அப்பா என்னோடு பேசமாட்டார், நீ என்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், மேட்டை ஏறி முடிக்க வேண்டும் என்ற அண்ணனுடைய கடைசி ஆசையை நான்தான் கெடுத்தேன் என்று சொல்வாய். சொல். எத்தனை வருஷத்துக்கு வேண்டுமானாலும் சொல். அவன் என்னைத் திட்டுவதற்குக்கூட இல்லாமல் போய்விட்டான்.

வெறும் ஈசிஜி போதாது, இதயத்தின் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா அழுத்திச் சொன்னார், அதையும் அண்ணனைப் பற்றியும் அங்கே போய் மறைக்காமல் சொல். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக நேரம் வாங்கு, பிறகு எனக்குப் போன் பண்ணு, அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இனி மறைக்க ஒன்றும் இல்லை.

உன் தலை நரைக்கட்டும், முட்டி வலிக்கட்டும், உன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து எங்கள் அம்மாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை உலகத்தில் பார்க்க முடியாது என்று குறை சொல்லிக்கொண்டு, நீ நெடுநாள் இரு. எனக்கு வேறு ஆசீர்வாதம் எதுவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா