பின்வாங்கியவர்கள்

மச்சான்,

இங்கே கனடாவில், லவாலில் பனி இன்னும் கரையவில்லை. உன் கால் இப்போது எப்படி?

மகள் ஜெயனி தமிழ்ப் பள்ளியில் பேச ஒரு பழைய சண்டையை எடுத்திருக்கிறாள். எழுநூறு வருடத்துக்கு முன்பு, ஃபால்கிர்க் என்ற இடத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஆங்கிலேயரிடம் தோற்ற சண்டை அது. ஸ்கொட்லாந்துக் குதிரைப்படை சண்டை பிடிக்காமலே போய்விட, ஈட்டியோடு நின்ற காலாட்கள் அம்பு பட்டு விழுந்தார்கள். அவளுடைய பிரெஞ்சுப் புத்தகத்தில் ‘ஓடினார்கள்’ என்றுதான் இருந்தது. நான் ‘பின்வாங்கினார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“அது வேற சொல்லோ அப்பா?”

“ஓம். இயக்கத்தில அப்பிடித்தான் சொல்லுறது.”

“அப்ப, அங்க நிண்ட ஆக்களிட்டச் சொல்லிப்போட்டோ போனவை?”

தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து போய்விட்டேன்.

நான் சொல்லிவிட்டுத்தானே வந்தேன், மச்சான். பதுங்குகுழிக்குள் நீ காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்” என்றேன். நீ “ஓம், வா” என்றாய். இங்கே எல்லோரிடமும் நாங்கள் பின்வாங்கினோம் என்றே இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

இன்று காலை ஜெயனியின் கொப்பியில் அந்தச் சொல்லை வெட்டி, சரியானதை எழுதினேன். கீழேயும் அதையே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓடியவன்