ஒழுகுகிறது என்றே சொல்

சாலா,

நீ அரிசி வரிசையில் நிற்கும்போதே சிட்டாளை அழைத்துவரக் கிளம்புகிறேன். நிறைமாத மகளைக் காய்ச்சலோடு சிம்பாங் பூலாயில் விட்டுவைக்க முடியாது. மாப்பிள்ளையை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனபின் அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அடுப்பில் மரவள்ளி வெந்திருக்கிறது. சாப்பிடாமல் இருக்காதே.

காரின் பின்சக்கரத்து ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைத்துக்கொண்டிருந்தது. காவல் சாவடியில் நிறுத்தச் சொன்ன இடத்தில் வண்டி நிற்காவிட்டால் ஜப்பான்காரன் சுட்டுவிடுவான். புது சீல் எங்கும் கிடைக்கவில்லை. தோட்டத்து ரப்பரை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். எண்ணெயில் ஊறிக் கொழகொழத்துவிட்டது. தோல்தான் தாங்கும். அதனால், ஊருக்குத் திரும்ப நீ கட்டி வைத்திருக்கும் பெட்டியின் தோல்வாரை வெட்டி சீலாகப் போட்டுவிட்டேன்; கசிவு நின்றுவிட்டது. திட்டாதே. இந்த யுத்தத்தில் கப்பல் எங்கே ஓடுகிறது?

ஒழுகும் கார் என்றுதான் இதுவரை பிடுங்காமல் விட்டார்கள். யாராவது வந்து கேட்டால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பதாகச் சொல்லி, வாசலில் இருக்கும் எண்ணெய்க் கறையைக் காட்டு. வழக்கம்போல் தேய்த்துக் கழுவிவிடாதே. வழியில் பார்ப்பவனும் ஒழுகுகிறது என்று நம்பட்டும் என்று சக்கரத்திலும் பழைய எண்ணெயைப் பூசியிருக்கிறேன்.

மெய்யப்பன்

இன்னொன்று: வெந்நீருக்கு விறகு பிளந்து வைத்திருக்கிறேன். குழந்தைக்கு என் வேட்டியைக் கிழித்துக்கொள்.

ஓரத்தில் இடமிருப்பதால் இதையும் எழுதுகிறேன். “கார் போனாப் போகட்டும். நீங்க போயிட்டா நான் யாரப் பாக்குறது?” என்று நேற்று அழுதாய். என்னிடம் பதில் இருந்திருந்தால், நீ வரும்வரை இருந்து சொல்லிவிட்டே போயிருப்பேன்.