மெதுவாகத் தட்டவும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்பது மேல்தாடை, நான்கு கீழ்த்தாடை. பல்செட் செய்கிற வேலையில் இருபது வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் ஒரு கீழ்த்தாடை ஆடாமல் உட்கார்ந்தால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரோடு காது டாக்டரிடம் போனேன். தகர டப்பா அடிக்கிற மிஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்ற காது. இரண்டு வருஷமாகச் சாதாரணச் சத்தமே இவருக்கு வலிக்கிறது. ஸ்பூன் விழுந்தால் முகம் சுருங்கிவிடும். வீட்டில் எல்லாக் கரண்டியும் மரக்கரண்டி, நாற்காலிக் கால்களுக்குத் துணிச் சாக்ஸ். வாசல் கதவில் இவர் கையால் எழுதி ஒட்டிய அட்டை: ‘மெதுவாகத் தட்டவும்’. பகலில் தூங்கி ராத்திரி டியூட்டிக்குப் போகிற பக்கத்து வீட்டு நர்ஸிடம்கூட, கேட்டை மெதுவாகச் சாத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

டாக்டரம்மா சொன்னார்: “இப்படி ஒரேயடியா அமைதியா இருந்தா காது இன்னும் பயந்துக்கும். மெல்லிசான சத்தமா பார்த்து, தினம் கொஞ்சம் கேளுங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மூன்றாவது நிறுத்தத்தில், பளிச்சென்று தோன்றியது. நைலான் கம்பி! நைலான் கம்பி போட்ட கிடார்! ஸ்டீல் மாதிரிக் காதைக் குத்தாது! இரண்டு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை? என் மண்டைக்குள் என்னதான் இருக்கிறது — பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரா?

மார்ச் 5, புதன்

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமானதே அந்தப் பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளால்தான். அந்தப் பாட்டுகளில் எப்போதும் யாராவது யாரையாவது விட்டுவிட்டுப் போவார்கள், ஒரு ரயில் வரும், கட்டாயம் மழை பெய்யும். நான் கிடார், இவர் கூடப் பாடுகிற கீழ்க்குரல். இவருக்குக் காது இப்படி ஆனதும் என் ஸ்டீல் கம்பிக் கிடாரை விற்றேன். சுவரில் அது தொங்கின ஆணியை இவரே பிடுங்கி எடுத்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

விற்ற பணம் அப்படியே உறையில் இருக்கிறது. புதுசு அதற்குள் அடங்க வேண்டும். இவரிடம் இப்போதைக்கு மூச்சு விடக்கூடாது.

மார்ச் 8, சனி

இசைக்கருவிக் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கன்ட்ரின்னா ஸ்டீல் கம்பிதான் மேடம். நைலான்ல வாசிச்சா தாலாட்டு மாதிரி இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. பழைய ரெக்கார்டுகளில் எத்தனை பேர் நைலானில் வாசித்திருக்கிறார்கள்! கட்டைவிரலால் கனமான கம்பியில் ‘டும்’, மற்ற விரல்களால் ‘சக்’. டும்-சக், டும்-சக். உள்ளங்கை ஓரத்தைக் கம்பி முடிகிற இடத்தில் லேசாக வைத்துவிட்டால் போதும், டும் வறண்டு, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் மேலே தொங்கியதை எடுத்துக்கொடுத்தார். வாசித்தேன். வந்தது! அதே சத்தம்! அவரே தலையாட்டினார். பிறகு விலையைக் கேட்டேன். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் கிடாரைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

விளம்பரம்: ‘நைலான் கிடார், அதிகம் உபயோகிக்காதது’. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். ஐந்து வயதுக் குழந்தைக்கான கிடார். மடியில் வைத்தால் அதைவிட என் வயிறு பெரிசாக இருந்தது.

வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மார்ச் 15, சனி

கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது.

விற்றவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கிடார் அவருடைய பயிற்சிக் காரின் பின்சீட்டில், சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. நைலானுக்கென்று செய்த கிடார், அதற்கு ஸ்டீல் கம்பி மாட்டி வைத்திருக்கிறார் மனுஷன்!

“சத்தம் பத்தலைன்னு மாட்டினேங்க. அடியில கம்பி ஏறி உக்காரும்ல, அந்த வெள்ளைத் துண்டு உடைஞ்சு போச்சு. பென்சில் வெச்சிருக்கேன்.”

“பென்சிலா?”

“நல்ல பென்சில்தாங்க.”

அங்கேயே கம்பிகளைத் தளர்த்திவிட்டு அதன் வயிற்றில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டும் என்றது. உறையை அப்படியே நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, புதுக் கம்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி அவரே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். பென்சிலும் இலவசம்.

கிடாரை நேரே லேபுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அந்த வெள்ளைத் துண்டு கடையில் ரெடிமேடாகக் கிடைக்குமே என்று கேட்பாய். கேட்காதே. பல் செய்கிறவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே செய்தேன். மிச்சமிருந்தது ஈறு செய்கிற ரோஸ் கலர் மாவுதான், ஆகவே துண்டும் ரோஸ். தேய்த்து, மெருகேற்றி, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக்கினேன். பக்கத்து மேசையில் மெழுகில் பல் அடுக்குகிற மெழுகக்கா, “யாருக்குடி இந்தத் தாடை? ஒரு பல்லுகூட இல்லையே” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு உதவிக்கு வந்துவிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

நைலான் கம்பி மாட்டினோம். நடுக்கம்பிகள் தேன். ஓரத்துக் கம்பிகள் இரண்டும் கிர்ர்ர் என்று அதிர்ந்தன. இந்தக் கிர்ர்ரை இவர் காதுக்குக் கொண்டுபோனால் அவ்வளவுதான். கழற்றினேன், தேய்த்தேன், மாட்டினேன். கிர்ர்ர். அழுகையே வந்துவிட்டது.

மெழுகக்கா துண்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் பள்ளம். தாடை வளைவு போட்டிருக்கே! இது எதையும் கடிக்க வேண்டாம்டி, நேரா படுத்திருந்தா போதும்.”

இருபது வருஷப் பழக்கம். கை தானாக வளைத்திருக்கிறது.

மார்ச் 19, புதன்

இரண்டாவது துண்டு. ஸ்கேல் வைத்து, நேராக. டும்-சக்! சுத்தமான, வறண்ட, ரயில் புறப்படுகிற டும்-சக்! நானும் மெழுகக்காவும் பிளாஸ்டர் ரூமில் ஆடினோம். ரூம் முழுக்க வெள்ளைக் காலடி. யார் பெருக்குவது என்று சண்டை, கடைசியில் இரண்டு பேருமே பெருக்கினோம்.

புது நைலான் இழுபடும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டுக்கு நான்கு தடவை முறுக்குகிறேன்.

மார்ச் 22, சனி

வீட்டுக்கு எடுத்து வரத் தைரியம் இல்லை.

வலித்தால்? வலித்தாலும் சொல்லமாட்டாரே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்பார். என் கிடார் தன்னால் போனது என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இவருக்கு. அதைத் தீர்க்க எதையும் தாங்கிக்கொள்வார். எனக்கு அந்தப் பொய் வேண்டாம். அப்படியென்றால் இது யாருக்காக வாங்கினது? இவருக்கா? எனக்கா? எனக்கும்தான். ஆமாம், எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்.

மார்ச் 23, ஞாயிறு

பிடிபட்டேன்.

சாப்பிடும்போது இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “ரெண்டு வாரமா மேசைமேல டும்-சக்னு விரலால தட்டிக்கிட்டே இருக்கே. எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?”

மரக்கரண்டி கைநழுவி விழுந்தது. நல்லவேளை, மரம்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — சீட்பெல்ட், பென்சில், ரோஸ் தாடை. இவர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணி. பிறகு ஒப்பந்தம் போட்டோம்: வலித்தால் உடனே கையைத் தூக்க வேண்டும்.

“பொய் சொன்னீங்கன்னா அன்னைக்கே வித்துடுவேன்.”

“சரிம்மா, தூக்குறேன். மொதல்ல கொண்டு வா.”

மார்ச் 24, திங்கள்

நான் முன்னறையில். இவர் பின்கட்டுப் படியில், கதவு சாத்தி. ஜன்னல் வழியாகக் கை தெரியும். மூன்று நிமிஷம் வாசித்தேன், கை உயர்ந்தது. ஓடினேன்.

“டும் பரவாயில்ல. சக்தான் குத்துது.”

பொய் சொல்லவில்லை! வலித்தது என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

வலது கை நகங்களை ஒட்ட வெட்டினேன். நகத்தில் பட்டால் சக் கூர்மை, சதையில் பட்டால் பஞ்சு. ஆனாலும் இந்த வாரம் முழுக்க டும் மட்டும்தான்.

மார்ச் 30, ஞாயிறு

இவர் சமையலறையில்! கதவு திறந்தபடி! பஞ்சு சக் இரண்டு தடவை. கை உயரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

காலையில் தெருவில் யாரோ தகரக் கதவை இழுத்து மூடினார்கள். நாள் முழுக்க இவர் காதில் ரீங்காரம். இன்று வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும் வேண்டாம். கிடார் மெத்தையில் போர்வை போர்த்திக் கிடக்கிறது. அவசரப்பட்டுவிட்டேனோ?

ஏப்ரல் 6, ஞாயிறு

இவரே கேட்டார். “என்ன, கச்சேரி கேன்சலா?” நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடைவழியில் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி சாக்ஸோடு ஏழு அடி தூரத்தில். அதில் இவர். எனக்கு இரண்டு இடத்தில் தப்பு. யாருக்கு வேண்டும் சரியாக வாசிப்பது!

ஏப்ரல் 13, ஞாயிறு

முன்னறைக்கே வந்துவிட்டார். பாதிப் பாட்டில் கை உயர்ந்தது. சட்டென்று நிறுத்தினேன்.

“வலிக்குதா?”

“இல்ல. ரெண்டாவது கம்பி எறங்கியிருக்கு. உனக்குக் கேக்கலையா?”

கேட்டாயா இதை? குறை சொல்கிறார்! எனக்குத் தெரியாத சுருதி இவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கம்பியை இழுக்காமல் முதலில் இவர் தலையைப் பிடித்து உலுக்கினேன். மெதுவாகத்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரயில் வருகிற பாட்டு. இரண்டாவது சரணத்தில் ஏதோ முனகல். நான் தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் நின்றுவிடும் என்று பயம். கீழ்க்குரல்தான். கரகரவென்று, தூசி தட்டாமல், ஆனால் அதே கீழ்க்குரல்.

சுவரில் ஆணி மறுபடி அடிக்கட்டுமா என்று கேட்டார். அடித்தால் காது என்னாகும்? ஸ்க்ரூ வைத்து கையாலேயே முறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மத்தியானம் வாசல் கதவில் மெல்ல மூன்று தட்டு. பக்கத்து வீட்டு நர்ஸ். கலைந்த தலை, அரைத்தூக்கம்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி டியூட்டி பார்த்துட்டு இப்பதான் படுத்தேன். கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்க முடியுமா?”

எங்கள் வீட்டுச் சத்தத்தை. எங்களிடம்.

“கிடாரைச் சொல்றீங்களா?” என்றேன்.

“ஐயோ, கிடார் காதுலயே விழலக்கா. அண்ணன் பாடுறதுதான்…”

இவர் என் பின்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். முகமெல்லாம் பல். என் லேபில்கூட அவ்வளவு பல்லை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. நர்ஸ் போனதும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கொஞ்சம் அழவும் செய்தோம்.

ஐந்து மணி வரை பாடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது நாலே முக்கால். இவர் கிடாரைக் கீழே இறக்கிவிட்டார்.