மாப்பிள்ளை எடுத்த எம்.சி.

அக்டோபர் 3, 2025

அமெரிக்காவில் அரசாங்கத்தையே இழுத்து மூடிவிட்டார்களாம். பட்ஜெட் தகராறு. டென்வரிலிருந்து கிறிஸ்டல் போனில் சொன்னாள். எல்லோருக்கும் மூடினாலும் அவள் புருஷன் பெஞ்சமினுக்கு மட்டும் மூடவில்லை. அவர் விமானங்களுக்கு வழி சொல்லும் கண்ட்ரோலர். விமானம் பறந்துகொண்டிருக்கும்வரை வேலைக்குப் போயே தீரவேண்டும். சம்பளம்? சண்டை தீர்ந்ததும் மொத்தமாகத் தருவார்களாம்.

"அதுவரைக்கும் என்னத்தடி தின்பீங்க?"

"சேமிப்பு இருக்கும்மா. கிறிஸ்மஸுக்குக் கண்டிப்பா வர்றோம். டிக்கெட்தான் இன்னும் போடல."

நாலு வருடமாக இதே பாட்டு. இந்த வருடமும் வராவிட்டால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன்.

அக்டோபர் 15

பாதிச் சம்பளம்தான் வந்ததாம். பக்கத்து வீட்டுக் காமாரியா அக்கா வேலியோரம் நின்று, "ஐரீன், ஒங்க மாப்பிள்ளைக்குச் சம்பளமே இல்லையாமே? டிவியில சொன்னாங்க லா" என்றார். கல்யாணத்தின்போது 'அமெரிக்க கவர்மெண்ட் வேலை' என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் நான்தானே.

"அவருக்கெல்லாம் முன்கூட்டியே கொடுத்துட்டாங்கக்கா" என்றேன். பொய் சொல்லும்போது என் முகத்தில் எப்படித்தான் அவ்வளவு சாந்தம் வருகிறதோ!

அக்டோபர் 29

இந்த முறை சுழி. ஒரு காசு இல்லை. மனிதர் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் உழைக்கிறார். கூட வேலை செய்பவர் ஒருவர் ஷிப்ட் முடிந்ததும் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறாராம். டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் கிறிஸ்டல், "பார்க்கலாம்மா" என்கிறாள். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

சம்பளமில்லாமல் உழைக்கிறவன் ஒன்று சாமியார், இல்லையென்றால் ஏமாளி. முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்க் கொம்தார் கட்டடத்தில் அரசாங்கக் கிராணியாகக் குமாஸ்தா வேலை பார்த்தவள் நான். டாக்டரிடம் சீட்டு வாங்கி லீவு போடும் எம்.சி. எனக்குத் தெரியாததா? எங்கள் கிளினிக் டாக்டர் என்ன வியாதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஒரு நாளா, ரெண்டு நாளா?" என்றுதான் கேட்பார். இந்தப் பிள்ளை இந்த மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாவம், நல்ல பழக்கம் எதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

நவம்பர் 4

கிறிஸ்டலுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. அவள் கிளம்பிய நேரம் பார்த்து மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டேன். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நாளைக்கு எம்.சி. போடுங்க மாப்பிள்ளை."

"எனக்கு ஒடம்பு சரியாத்தான் இருக்கு அத்தை."

"அதனாலதான் சொல்றேன். நெசமா முடியாதப்ப லீவு எடுத்து என்ன பிரயோசனம்? எங்க, இருமுங்க பார்ப்போம்."

இருமினார். சகிக்கவில்லை. "அது தும்மல். அடிவயித்துலேருந்து வரணும். நடுவுல பேச்சு நிக்கணும்." இருபது நிமிடம் பயிற்சி கொடுத்தேன். கடைசியில் நானே பயந்துபோகும்படி இருமினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நாதன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புருஷனாயிற்றே, எதையும் கேட்கவில்லை.

"கிறிஸ்டல்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"சத்தியமா அத்தை."

நவம்பர் 6

எடுத்துவிட்டார்! பதினாலு மணி நேரம் தூங்கினாராம். எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருக்கிறது.

நவம்பர் 11

காலையில் ரொட்டி சாப்பிடும்போது நாதன் செய்தி படித்தார். ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்த கண்ட்ரோலர்களுக்குத் தலைக்குப் பத்தாயிரம் டாலர் கொடுக்கவேண்டும் என்று மேலிடத்தில் பேச்சாம்.

ரொட்டி தொண்டையில் சிக்கிக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து இருமல் வந்தது, பேச்சு நின்றுபோனது.

சும்மா பேச்சுதானே? அரசியல்வாதி சொன்னதையெல்லாம் எந்த நாட்டில் செய்திருக்கிறார்கள்?

நவம்பர் 13

திறந்துவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வருமாம். மாதாவே, அந்தப் பத்தாயிரத்தை எல்லோரும் மறந்துபோகட்டும்.

நவம்பர் 21

மறக்கவில்லை. செய்தே விட்டார்கள்.

கிறிஸ்டல் அழுகிறாள். "ஒரே ஒரு நாள்மா! ஏன் போகலன்னு கேட்டா வாயவே தொறக்க மாட்டேங்கிறாரு. பாக்கிச் சம்பளம் பூரா கார்டு கடனுக்கே போயிருச்சு. இது கெடைச்சிருந்தா டிக்கெட் போட்டிருப்பேன்மா." சேதி வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தனித்தனியாகச் சாப்பிடுகிறார்களாம். கிறிஸ்மஸுக்கு வரவில்லை.

அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஐயோ, ஏன்யா இவ்வளவு நல்லவனா இருக்க? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

நவம்பர் 22

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். கோழைக் கழுதை.

நவம்பர் 23

பூசை முடிந்து வந்து, உடுப்புகூட மாற்றாமல், கிறிஸ்டலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இருமல் பயிற்சிவரைக்கும் எல்லாவற்றையும்.

முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பத்தாயிரம் டாலர் நம்ம காசுல எத்தன வெள்ளின்னு தெரியுமாம்மா?" என்றாள்.

"நாப்பதாயிரத்துக்கு மேல."

"கணக்கெல்லாம் நல்லாத் தெரியுது." போனை வைத்துவிட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். நாதன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "உலகத்துலயே விலை கூடின வாய் ஒன்னோடதுதான்" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சமின் கூப்பிட்டார். "ஏன் சொன்னீங்க அத்தை? நான் சமாளிச்சிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் லீவு போட்டதுக்கு முந்தின நாள் ஒரு பிளேனோட நம்பர ரெண்டு தடவ மாத்திச் சொல்லிட்டேன். தூக்கமில்ல. பக்கத்துல இருந்தவர்தான் திருத்துனாரு. அன்னைக்கு நான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கவே கூடாது" என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையா? கேட்கப் பயமாக இருந்தது.

நவம்பர் 25

குசினியில் பாத்திரம் அடுக்கும் கபினெட்டை மாற்ற இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. பழைய கபினெட்டே போதும், கதவுதான் அடிக்கடி கழன்று விழும். கிறிஸ்டல் ஒரே வரி மெசேஜ் அனுப்பினாள்: "சரி. வர்றோம். ஆனா கோபம் போகல."

டிசம்பர் 20

ஆறு மணிக்கு இறங்கவேண்டிய விமானம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பேய் மழை. எதிரில் இருக்கும் கார்கூடத் தெரியவில்லை. ஆறரை ஆனது. நாதன் போனில் விமானம் வரும் வரைபடத்தைக் காட்டினார். கடலுக்கு மேலே குட்டி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்தான் என் பிள்ளைகள்.

"கீழ எறக்காம என்ன பண்றாங்க இவனுங்க?" என்று கத்தினேன். அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த மழைக்குள் எங்கேயோ ஒரு கோபுர அறையில் யாரோ ஒருவன், என் கிறிஸ்டல் இருக்கும் புள்ளியைப் பார்த்து நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ. ராத்திரி நன்றாகத் தூங்கினானா? வீட்டில் சண்டையா? ஜெபமாலையை எடுத்தேன். ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை.

"ஏங்க, இந்த மாசச் சம்பளம் போட்டுட்டாங்களா?"

"யாருக்கு?" என்றார் நாதன்.

மழைக்குள் அந்தக் கோபுரம் இருக்கும் பக்கமாக மேலே கையைக் காட்டினேன்.