நீ பேசப் போனாய், நான் மாத்திரை போட்டேன்

அக்கா,

இன்று காலை திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் ஜூஸ் கடைக்காரர் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் இடித்துவிட்டு, திட்டிக்கொண்டே போனார். செவ்வாய்க்கிழமைகளில், ஆஸ்பத்திரியில் பேச்சு சிகிச்சை தரும் கவுன்சிலர் அம்மாவைப் பார்க்கப் போகுமுன் எலுமிச்சைத் தோலை உள்ளங்கையில் தேய் தேயென்று தேய்ப்பாய். "மீன் கவுச்சியோட போனா அந்தம்மா இன்னா நென்ச்சிக்கும்?" என்பாய். அவர் எதுவும் நினைக்கவில்லை, உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார் என்று பிறகு நீயே சொல்லிச் சிரித்தாய்.

நாம் பழகியதே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் வரிசையில்தான். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தேன். நீயோ ஊருக்கே கேட்கிற மாதிரி, "உனுக்கு இன்னா கண்ணு?" என்றாய். படபடப்பு என்றேன். "எனுக்கும் அதான். எங்க வூட்டுக்காரரு போட்டுல கடலுக்குப் போனாலும் பயம், திரும்பி வந்தாலும் பயம். காஸ் மூடுனேனான்னு பயம். எதுக்குன்னே தெரில, அடிச்சிகினே கீது" என்றாய். ஒரு வருடமாக நான் யாரிடமும் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை நீ ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய்.

டாக்டர் நம் இருவருக்கும் ஒன்றையேதான் சொன்னார். மாத்திரையும் கேட்கும், பேச்சு சிகிச்சையும் கேட்கும், சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும் என்றார். நான் மாத்திரையோடு நின்றுகொண்டேன். முதல் இரண்டு வாரம் குமட்டல். மூன்றாவது வாரத்துக்குமேல் நெஞ்சில் ஒரு முடிச்சு தளர்ந்தது. நீ இரண்டே நாளில் மாத்திரையை விட்டாய். நீ மீன் எடுக்கும் காசிமேட்டு ஏலத்தில் கண் சொருகுகிறது, விலை காதில் விழவில்லை என்று புகார். "உனுக்கு வாயைத் தொறக்க பயம், எனுக்கு மாத்திரை முழுங்க பயம். நல்ல ஜோடி போ" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாய்.

கவுன்சிலர் அம்மா உனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு நோட்டில் இடப்பக்கம் பயந்தது, வலப்பக்கம் நடந்தது. உனக்கு எழுத வராது. கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற எனக்கு அந்த வேலை வந்தது. நீ போனில் சொல்வாய், நான் எழுதுவேன். போட்டு கவிழும்: நடக்கவில்லை. மகள் ரயிலிலிருந்து விழுவாள்: நடக்கவில்லை. மாதக்கணக்கில் எழுதினோம். வலப்பக்கம் முழுக்க ஒரே வார்த்தை. உன் குரலில் தைரியம் ஏறுவது எனக்கே கேட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் அது. மாமா கடலுக்குப் போகாமல் உன்னோடு வீட்டில் இருந்தார். காலை ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டாய். யார்டு வாசலில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

"கண்ணு, நெஞ்சு மேல ஐஸ் பொட்டி வச்சா மாரி கீது. கை வலிக்குது. வேர்த்துகினே கீது."

அக்கா, நான் சிரித்தேன். "போன வருஷம்தானே ஈசிஜி எடுத்தாங்க, நல்லாத்தானே இருந்துச்சு? மூச்சை எண்ணு. இதையும் எழுதிக்கிறேன், நாளைக்கு நடக்கலன்னு போட்டுடலாம்" என்றேன். நீ "சரி கண்ணு" என்றாய். மதியத்துக்குள் நீ இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

நீ என்னைக் கூப்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து அழுதேன், அதைமட்டும் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தூக்கம் வந்தது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. கடைசியில் உன் கவுன்சிலர் அம்மாவின் முன்னால் நான் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்க மூன்று வாரம் ஆனது. முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "தெரியாம சொன்னதுன்னு நான் சொன்னா உங்களுக்குப் போதுமா?" என்று கேட்டார். போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்று காலை நீ என்னிடம் பேசியதைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"தெரியும்மா. நான் ஆட்டோவை இட்டாந்து வாசல்ல நிக்க வச்சிட்டேன். ஒரு காலு உள்ள வச்சிட்டா. இரு, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு போனைப் போட்டா. அப்பால ஒண்ணியும் இல்லியாம்னு சொல்லிட்டு எறங்கிட்டா. படிச்ச பொண்ணு, அது சொல்லிச்சின்னா கரீட்டா இருக்கும்னா. வூட்டுக்குள்ள போய் படுத்தா."

குரலில் கோபமே இல்லை. டீ குடிக்கிறியா என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா.

இப்போதும் மாத்திரை போடுகிறேன், செவ்வாய்க்கிழமை பேசவும் போகிறேன். இரண்டாலும் பயம் குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோவில் ஒரு கால் வைத்த பிறகு, என் பேச்சை நம்பி நீ இறங்கினாயே, அதை என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.